நடுக்களத்தில் நின்றவர்

இங்கிலாந்தின் தென்கிழக்குக் கோடியில், கடலுக்கு அப்பால் பிரெஞ்சு நாட்டை எதிர்நோக்கி நிற்கும் துறைமுக நகரம் போக்ஸ்டன். அந்நகரில் 1888-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 28-ஆம் நாள் வால்ட்டர் டல் பிறந்தார். அவருடைய தந்தையார் டேனியல் ஒரு தச்சர். மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய பார்படோசில், கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாய் உழன்ற மக்கள் வழியில் தோன்றியவர் அவர். அடிமைமுறை சட்டப்படி ஒழிந்த பின்பும் அத்தீவில் ஏழையின் வாழ்வு விடியவில்லை. ஆகவே 1876-ஆம் ஆண்டில் டேனியல் கடல் கடந்து இங்கிலாந்துக்கு வந்தார்; உளியும் இழைப்புளியும் துணையாகப் போக்ஸ்டனில் குடியேறினார். கெண்ட் வட்டாரத்தைச் சேர்ந்த ஆலிஸ் என்னும் ஆங்கிலேய நங்கையை மணந்தார். கருநிறத் தந்தைக்கும் வெண்ணிறத் தாய்க்கும் பிறந்த பிள்ளைகள் அவ்வூர்த் தெருக்களில் அச்சமின்றி ஓடி விளையாடி வளர்ந்தனர்.

அந்த இன்பம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1895-இல் தாயார் புற்றுநோயால் இறந்தார். அப்பொழுது வால்ட்டருக்கு ஏழு வயது நிரம்பவில்லை. பிள்ளைகளைப் பேணும் பொருட்டுத் தந்தையார் ஆலிஸின் உறவினரான கிளாரா என்பவரை மணந்தார். அடுத்த ஆண்டிலேயே ஒரு பெண்மகவு பிறந்தது. அம்மகவு தொட்டிலில் கிடக்கும்போதே, 1897-இன் முடிவில், தந்தையாரும் நெஞ்சு நோயால் மாண்டார். சிற்றன்னை கொடியவர் அல்லர். ஆயினும் வருவாய் இல்லாத ஒரு பெண், இத்தனை வயிறுகளுக்கு எவ்வாறு சோறிடுதல் கூடும்? தேவாலயத்தார் தந்த அறிவுரையின்படி, வால்ட்டரும் அவருக்கு மூத்தவரான எட்வர்டும் லண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் இருந்த மெதடிஸ்டு சபையாரின் அனாதைச் சிறுவர் விடுதிக்கு அனுப்பப்பட்டனர். அது 1898-ஆம் ஆண்டின் தொடக்கம். கடலோர ஊரின் காற்றில் வளர்ந்த சிறுவர் இருவரும், புகை சூழ்ந்த பெருநகரில் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு நின்றனர்.

அப்பற்றுதலும் ஈராண்டுகளில் நெகிழ்ந்தது. எட்வர்டுக்கு இனிய குரல் உண்டு. விடுதியின் பாடகர் குழுவோடு ஊர் ஊராகச் சென்று பாடினார் அவர். ஸ்காட்லாந்திலுள்ள கிளாஸ்கோ நகரில் வார்னாக் என்னும் பல் மருத்துவக் குடும்பத்தார் அவரைக் கண்டு, அன்பு கொண்டு, 1900-இல் தம் மகனாக ஏற்றுக்கொண்டனர். எட்வர்ட் பிற்காலத்தில் தாமும் பல் மருத்துவம் கற்று, 1912-இல் தகுதி பெற்றார். அண்ணன் நல்ல மனைக்குச் சென்றது தம்பிக்கு மகிழ்ச்சியே. எனினும் அன்று முதல் அவ்விடுதியில் அவர் தனியர்.

விடுதியில் வால்ட்டர் அச்சுத் தொழில் பயின்றார். ஈய எழுத்துக்களைக் கோக்கும் வேலையில் கை பழகிற்று. மாலை வேளைகளில் விடுதிச் சிறுவர்களோடு கால்பந்து ஆடுவார். அனாதைச் சிறுவர்க்கு அக்காலத்தில் கிடைத்த செலவில்லாத இன்பம் அது ஒன்றே எனலாம்.

1908-ஆம் ஆண்டில், இருபது வயதில், கிளாப்டன் என்னும் லண்டன் குழு அவரைச் சேர்த்துக்கொண்டது. ஊதியம் பெறாது ஆடுவோரின் குழு அது. ஆயினும் நாட்டில் அத்தகைய குழுக்களுள் முன்வரிசையில் நின்றது. வால்ட்டர் சேர்ந்த அந்த ஒரே பருவத்தில் கிளாப்டன் மூன்று கோப்பைகளை வென்றது. ஊதியம் பெறாதார்க்கு உரிய நாட்டுக் கோப்பையும் அவற்றுள் ஒன்று. நேற்று வரையில் யாரும் அறியாத இளைஞரைப் பத்திரிகைகள் பாராட்டத் தொடங்கின.

லண்டனின் வடபகுதியில் டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் என்னும் புகழ்பெற்ற குழு உண்டு. அக்குழு 1909-இல்தான் முதன்முறையாக நாட்டின் முதல் தர லீக் பந்தயத்துக்கு உயர்ந்திருந்தது. அக்குழுவினர் வால்ட்டரை அழைத்தனர். ஒப்பந்தத்துக்கு 10 பவுன். வாரந்தோறும் சட்டம் இடங்கொடுத்த உச்ச ஊதியம் 4 பவுன். அக்கோடையில் குழுவினரோடு கப்பலேறி அர்ஜென்டைனா, உருகுவே ஆகிய நாடுகளுக்குச் சென்று ஆடித் திரும்பினார். ஓராண்டுக்கு முன்பு விடுதியை விட்டு வெளியேறிய அச்சுத் தொழிலாளிக்கு இஃது எத்துணைப் பெரிய மாறுதல்! அந்நாளில் இங்கிலாந்தின் முதல் தரப் பந்தயங்களில் கருநிறத்தார் ஆடுவது மிக அரிது. அவருக்கு முன் ஆடியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

செப்டம்பரில் பந்தயங்கள் தொடங்கின. டாட்டன்ஹாம் களத்தில் மான்செஸ்டர் யுனைடெட் குழுவினரோடு நடந்த ஆட்டத்தைக் காண 30,000-க்கும் மேற்பட்ட மக்கள் திரண்டனர். வால்ட்டர் அப்போது முன்னணியில் இடப்பக்கத்து உள்ளிடத்தில் ஆடினார். அவர் விரைந்தோடுபவர் அல்லர். ஆனால் பந்து அவர் காலடிக்கு வந்ததும் அமைதி பெறும். எதிரிகள் இருவர் மூவர் பாய்ந்து வரினும் பதறாமல், தம் குழுவினருள் தக்க இடத்தில் நிற்பவர் யார் என்று கண்டு, அவருக்கே பந்தைச் சேர்ப்பார். அடித்தும் இடித்தும் ஆடுவது பெருவழக்காயிருந்த அக்காலத்தில், தம்மை இடித்தவரையும் அவர் திருப்பி இடித்ததில்லை.

அக்டோபர் 9-ஆம் நாள் டாட்டன்ஹாம் குழு பிரிஸ்டல் நகருக்குச் சென்றது. பிரிஸ்டல் மேற்குக் கடற்கரைத் துறைமுகம். ஆப்பிரிக்க மக்களைச் சங்கிலியிட்டு மேற்கிந்தியத் தீவுகளுக்கு ஏற்றிச் சென்ற கப்பல்களால் ஒரு காலத்தில் செல்வம் கொழித்த ஊர். வால்ட்டரின் முன்னோரை விற்ற வாணிகம் அத்தகையதே. அந்த ஊர்க் களத்தில் அவர் பந்தைத் தொடுந்தோறும் பார்வையாளருள் ஒரு கூட்டத்தார் அவருடைய நிறத்தைச் சுட்டி இழிமொழி கூறினர். மீன் சந்தையிலும் கேட்க இயலாத சொற்கள் அவை என்று உடனிருந்த பத்திரிகையாளர் ஒருவர் மனம் வெதும்பி எழுதினார். ஆயிரக்கணக்கானோர் நடுவே ஒரு தனி மனிதரைக் குறிவைத்து நிகழ்ந்த கோழைத்தனம் அது. வால்ட்டர் என்ன செய்தார்? கூட்டத்தாரை நோக்கிக் கை ஓங்கவில்லை. களத்தை விட்டு அகலவும் இல்லை. இறுதி வரையில் ஆடினார். அன்று முன்னணியில் சிறந்து ஆடியவர் அவரே என்றும், மனத்தூய்மையிலும் ஆட்டத்தூய்மையிலும் வெள்ளையர் அனைவர்க்கும் அவர் எடுத்துக்காட்டு என்றும் அப்பத்திரிகையாளர் எழுதினார்.

இழிமொழி கூறியவர்க்கு எவ்வகை ஒறுப்பும் இல்லை. இடமிழந்தவரோ வால்ட்டர். சின்னாட்களில் முதற் குழுவிலிருந்து அவர் நீக்கப்பட்டு, மாற்று ஆட்டக்காரர் குழுவுக்கு அனுப்பப்பட்டார். டாட்டன்ஹாமின் முதற் குழுவில் அவர் ஆடிய லீக் ஆட்டங்கள் மொத்தம் பத்தே. அவற்றில் அடித்த கோல்கள் இரண்டு. அவர் நீக்கத்துக்குக் குழுவின் மேலாளர்கள் காரணம் ஏதும் எழுதிவைத்தாரில்லை. திறமை போதாமை என்று அதனைக் கொள்ளுதல் அரிது. ஈராண்டுகள் சிறிய களங்களில், சிறிய கூட்டத்தின் முன், அவர் முணுமுணுக்காமல் ஆடினார். இருபத்திரண்டு வயது இளைஞர்க்கு அது நெடுங்காலம்.

அந்நிலையில் அவரைக் கண்டறிந்தவர் ஹெர்பர்ட் சாப்மன். பிற்காலத்தில் ஹடர்ஸ்பீல்டு, ஆர்சனல் ஆகிய குழுக்களை நாட்டின் முதன்மைக்கு உயர்த்திப் பெரும்புகழ் எய்திய மேலாளர் இவர். 1911-இல் இவர் இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள நார்தாம்டன் என்னும் ஊரின் குழுவை நடத்தி வந்தார். மிதியடித் தொழிலாளர் நிறைந்த ஊர் அது. சாப்மன் தாமும் முன்பு டாட்டன்ஹாமில் ஆடியவர். ஆகவே அங்கே வாளா இருந்த வால்ட்டரின் அருமை அவருக்குத் தெரிந்தது. அவ்வாண்டு அக்டோபரில் கணிசமான தொகை கொடுத்து அவரைத் தம் குழுவுக்கு வரவழைத்தார்.

முதலில் அங்கும் அவர் முன்னணியிலேயே ஆடினார். 1912 ஏப்ரலில் பிரிஸ்டல் ரோவர்ஸ் குழுவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நான்கு கோல்கள் அடித்தார். ஆயினும் அவர் தமக்குரிய இடத்தைக் கண்டது அதன் பின்னரே. அவர் நடுக்களத்துக்கு மாறினார்.

அக்காலத்து ஆட்ட அமைப்பு இன்றைய அமைப்பினின்றும் வேறுபட்டது. கோலைக் காப்பவர் ஒருவர். அவருக்கு முன்னே பின்காவலர் இருவர். அவர்க்கு முன்னே நடுக்களத்தார் மூவர். எல்லார்க்கும் முன்னே தாக்குவோர் ஐவர். ஐவருக்குக் கைதட்டல் கிடைக்கும். கோல் விழாமல் தடுத்த பின்காவலரையும் மக்கள் நினைவில் வைப்பர். நடுவில் நிற்கும் மூவர்க்கோ ஓய்வில்லை, புகழும் குறைவு. எதிரி தாக்கும்போது பின்னே ஓடித் தடுக்கவேண்டும். பந்து கிட்டியதும் முன்னே ஏறி ஐவர்க்கும் அதனைப் பங்கிட்டுத் தரவேண்டும். தறியில் இங்கும் அங்கும் ஓடி ஊடையைச் சேர்க்கும் நாடாவைப் போன்றவர் நடுக்களத்தார். நாடா நின்றால் துணி இல்லை. ஆட்டம் முழுவதையும் ஒரே பார்வையில் கண்டு, நொடிப்பொழுதில் முடிவு செய்யும் ஆற்றல் அவ்விடத்துக்கு வேண்டும். கால் விரைவினும் மன நிதானமே அங்குப் பெரிது. வால்ட்டரிடம் முன்பே குடிகொண்டிருந்த குணம் அதுவே.

நார்தாம்டன் குழுவுக்காக அவர் ஆடிய ஆட்டங்கள் 110-க்குக் குறையாதவை. கோல்களோ ஒன்பதுதாம்! கோல் கணக்கு ஒன்றையே கொண்டு ஒருவரை அளப்போர்க்கு அவர் எளியவராகவே தோன்றுவார். ஆனால் அவ்வூர் மக்கள் அவ்வாறு அளக்கவில்லை. வாரந்தோறும் களத்தின் நடுவே நின்று உழைத்தவரை அவர்கள் தம்மவராகக் கொண்டனர்.

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டது. நாடு போரில் இறங்கியிருக்கும்போது இளைஞர்கள் ஊதியம் பெற்றுப் பந்தாடுவதா என்று பலர் குறை கூறலாயினர். அவ்வாண்டு டிசம்பரில் கால்பந்து வீரர்களையே கொண்ட தனிப் படைப்பிரிவு ஒன்று மிடில்செக்ஸ் படையில் அமைக்கப்பட்டது. சின்னாட்களிலேயே வால்ட்டர் அதில் சேர்ந்தார். சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தவர், 1915 நவம்பரில் பிரெஞ்சு நாட்டுப் போர்முனைக்குச் செல்லும்போது, சார்ஜெண்டு தரத்தைச் சேர்ந்த சிறு பதவிக்கு உயர்த்தப்பட்டிருந்தார்.

அப்போரின் கொடுமை சொல்லில் அடங்காது. மண்ணில் வெட்டிய அகழிகளில், முழங்கால் அளவு சேற்றில், இரவும் பகலும் குண்டுகள் வெடிக்க வீரர்கள் நின்றனர். உடலில் காயமில்லாதவரும் உள்ளம் சிதைந்து வீழ்ந்தனர். 1916-இன் இடையில் வால்ட்டரும் அவ்வாறு கடும் மனக்கலக்கத்துக்கு ஆளாகி இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். ஆயிரம் பேரின் ஏச்சுக்குக் கலங்காத உள்ளமும் பீரங்கி ஒலியின்முன் கலங்கிற்று. இதனை அவர் குறையென்று கூறுவார் அப்போரை அறியாதார். நலமுற்றதும் அவ்விலையுதிர் காலத்திலேயே மீண்டும் போர்முனைக்குச் சென்று, சாம் ஆற்றங்கரைப் பெரும்போரில் நின்றார். குளிர்காலத்தில் அகழிக் காய்ச்சல் கண்டு மறுபடியும் தாயகம் திரும்பினார்.

இதன் பின் நிகழ்ந்ததே அவர் வாழ்வில் வியப்புக்குரியது. அவருடைய மேலதிகாரிகள் அவரை அதிகாரிப் பயிற்சிக்குப் பரிந்துரைத்தனர். பிரிட்டிஷ் படையின் விதியோ வேறு கூறிற்று. கலப்பற்ற ஐரோப்பியப் பிறப்பினர்க்கே அதிகாரிப் பதவி உரியது என்பது அன்றைய நடைமுறை. கருநிறத்தார் வெள்ளை வீரர்க்கு ஆணையிடுதல் ஆகாது என்னும் எண்ணமே அதன் அடிப்படை. அவ்விதி மாற்றப்படவும் இல்லை, நீக்கப்படவும் இல்லை. ஆயினும் ஸ்காட்லாந்தில் பயிற்சி முடித்து, 1917 மே 30-ஆம் நாள் வால்ட்டர் செகண்ட் லெப்டினன்டாக நியமனம் பெற்றார். பிரிட்டிஷ் படையில் அதிகாரியான முதற் கருநிறத்தார் அவரே என்று நெடுங்காலம் எழுதி வந்தனர். அவருக்கு முன்பும் அத்தகைய சிலர் இருந்தனர் என்பதைப் பிந்திய ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. அதனால் அவர் பெருமை குன்றுவதில்லை. அனாதை விடுதியில் வளர்ந்து, சிப்பாய் வரிசையிலிருந்து எழுந்து, விதி அடைத்த வாயிலைக் கடந்தவர் அவர்.

1917-இன் முடிவில் அவருடைய படைப்பிரிவு இத்தாலி நாட்டுக்கு அனுப்பப்பட்டது. அங்கே பியாவே என்னும் ஆறு இரு படைகளுக்கும் எல்லையாய் ஓடிற்று. அக்கரையில் ஆஸ்திரியப் படைகள் காவல் இருந்தன. எதிரியின் நிலையை அறிய யாரேனும் அக்கரைக்குச் சென்று மீளவேண்டும். 1918 புத்தாண்டு பிறந்த வேளையில் அப்பணி வால்ட்டரிடம் ஒப்படைக்கப்பட்டது. மாரிக்காலத்து இரவு, உறையும் குளிர், விரைந்தோடும் நீர். வெள்ளையர் 26 பேரை அழைத்துக்கொண்டு அவர் இருளில் ஆற்றைக் கடந்தார். எதிரிகள் கண்டுகொண்டு கடுமையாகச் சுட்டனர். களத்தின் நடுவே நின்று பத்துப் பேரின் இடத்தையும் மனத்தில் வைத்து ஆடப் பழகியவர்க்கு, இருளில் 26 பேரின் இடத்தையும் மனத்தில் வைத்திருப்பது கைவந்த கலையாயிற்றுப் போலும். சென்ற 26 பேரும் ஒரு காயமுமின்றி மீண்டனர். படைத்தலைவர் லாபோர்டு, அவருடைய வீரத்தையும் பதறாத தன்மையையும் தம் அறிக்கையில் பெயர் சுட்டிப் பாராட்டினார். பிரிஸ்டல் களத்தில் பத்திரிகையாளர் ஒருவர் கண்ட அதே குணத்தையே, ஒன்பது ஆண்டுகளுக்குள் படைத்தலைவர் ஒருவரும் கண்டார்.

அவ்வாண்டு மார்ச்சில் படைப்பிரிவு பிரெஞ்சு நாட்டுக்குத் திரும்பிற்று. அம்மாதம் 21-ஆம் நாள் ஜெர்மானியர் தம் முழுவலிமையையும் திரட்டிப் பெருந்தாக்குதல் தொடங்கினர். பிரிட்டிஷ் படைகள் நாள்தோறும் பின்வாங்க நேர்ந்தது. 25-ஆம் நாள், பவ்ரேய் என்னும் சிற்றூர் அருகே தம் வீரர்களை ஒழுங்காகப் பின்வாங்கச் செய்துகொண்டிருந்தபோது, வால்ட்டர் குண்டடிபட்டு வீழ்ந்தார். அவருக்கு முப்பது வயது நிரம்ப ஒரு திங்களே எஞ்சியிருந்தது.

அவருடைய வீரர்கள் அவரை விட்டு ஓடவில்லை. எந்திரத் துப்பாக்கிகள் சீறும் வெளியில் மீண்டும் சென்று, அவர் உடலைத் தூக்கிவர முயன்றனர். அவர்களுள் ஒருவர் டாம் பில்லிங்காம். லெஸ்டர் குழுவில் முன்பு கோல் காவலராய் இருந்தவர். பகைவர் நெருங்கிவிடவே, அவர் அவ்வுடலைக் கீழே கிடத்திவிட்டுத் திரும்பவேண்டியதாயிற்று. பின்னர் அவ்வுடல் கிடைக்கவே இல்லை. ஒரு கருநிறத்தாரின் ஆணைக்கு வெள்ளையர் பணியார் என்று கருதி விதி எழுதியவர்கள் அந்தக் காட்சியைக் கண்டிலர்.

கிளாஸ்கோவில் எட்வர்டுக்குச் செய்தி சென்றது. படைப்பிரிவின் அதிகாரிகள் எழுதிய இரங்கல் கடிதமும் வந்தது. இராணுவச் சிலுவை என்னும் உயர்ந்த பதக்கத்துக்கு வால்ட்டர் பரிந்துரைக்கப்பட்டிருந்ததாக அதில் கண்டிருந்தது. அப்பதக்கம் வரவில்லை. அவரைப் பற்றி ஆராய்ந்தோரும் பொதுமக்களும் பிற்காலத்தில் அதனைக் கோரி அரசினரிடம் பலமுறை முறையிட்டனர்.

போருக்குப் பின் அவர் பெயர் மெல்ல மறைந்தது. கால்பந்து வரலாறு எழுதியோரும் அறுபது எழுபது ஆண்டுகள் அவரைக் குறித்துப் பெரும்பாலும் வாய் திறக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் ஆராய்ச்சியாளர் சிலர் பழைய செய்தித்தாள்களையும் படைப் பதிவேடுகளையும் புரட்டி அவர் வரலாற்றை மீட்டனர். 1999-இல் நார்தாம்டன் குழுவின் புதிய களத்தருகே அவருக்கு நினைவுக்கல் நாட்டப்பட்டது. 2017-இல் அந்நகர மன்ற வளாகத்தில் அவருக்குச் சிலையும் எழுந்தது.

பிரெஞ்சு நாட்டின் அராஸ் நகரில், கல்லறை காணாத வீரர் ஏறத்தாழ 35,000 பேரின் பெயர்கள் பொறித்த நெடுஞ்சுவர் உண்டு. அதில் மிடில்செக்ஸ் படையினர் பெயர்களுக்கு நடுவே வால்ட்டரின் பெயரும் இருக்கிறது. நார்தாம்டனிலோ, கால்பந்துக் களத்தை ஒட்டிச் செல்லும் சாலைக்கு அவர் பெயரையே இட்டிருக்கின்றனர்.